மகனின் முட்டுக்கு ஒரு வருடக் கொப்பி

மகனுக்கு ஏழு வயதிலிருந்து முட்டு, அதாவது ஆஸ்துமா. அம்மம்மா எப்போதும் "வாடைக்காற்று பிள்ளை, அவன்ரை தலையை மூடிவிடு" என்பார். நான் சோளகத்தை, அதாவது தென்மேற்குக் காற்றைத்தான் சந்தேகித்தேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் யன்னல் விளிம்பைத் தொட்டால் விரல் சிவக்கும், அவ்வளவு செம்மண். போன வருடம் டொக்டர் மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறான் என்று அளக்கிற ஒரு பீக் ஃப்ளோ மீற்றர் வாங்கச் சொல்லி, காலையும் இரவும் மூன்று தரம் ஊதவிட்டு அதில் கூடினதை எழுதுங்கோ, பக்கத்திலேயே அன்றைய காற்று, பனி, வயலில் என்ன வேலை, யார் என்ன எரித்தார்கள் எல்லாம் எழுதுங்கோ என்றார்.

எழுதினேன். இடையில் இரண்டு கிழமை விட்டும் போனது.

சோளகம் முழுக்க அவன் 270, 280 ஊதினான். அவனுடைய நல்ல அளவே 280தான். விழுந்தது தை, மாசியில். அறுவடை மெஷின் இறங்கி, பதரும் வைக்கோல் தூசும் பறந்து, தார் ரோட்டில் நெல் காயப்போடும் நாட்கள் அவை. விடியப்புறம் காற்று அசையாமல் பனி மூடியிருக்கும், முதல் நாள் எரித்த சருகின் புகை முற்றத்தோடு அப்படியே படுத்துக் கிடக்கும். ஒரு நாள் 190. நல்ல அளவின் 80 வீதத்துக்குக் கீழே போனால் கவனம் என்று டொக்டர் சொல்லியிருந்தார், இது 70 வீதம்கூட இல்லை.

காற்று மாசுக்குப் போனில் வரும் பிஎம் 2.5 இலக்கத்தை மட்டும் நம்பினதுதான் என் பிழை. அது 2.5 மைக்ரோமீற்றருக்குச் சிறிய துகள்களைத்தான் கணக்கெடுக்கும். மகரந்தம் பெரும்பாலும் 10க்கு மேல், பூஞ்சண வித்திகளிலும் பல 2.5ஐ விடப் பெரியவை. மார்கழியில் வாடையோடு இந்தியப் பக்கத்துப் புகைமாசு வந்து இலக்கம் ஏறினபோது அவனும் இருமினான், அந்த அளவில் அம்மம்மா சொன்னது சரி. ஆனால் இலக்கம் பச்சையாக இருந்த நாட்களிலும் அவனுக்கு இழுத்ததே!

கொப்பியைப் பார்த்துவிட்டு டொக்டர், தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார். முதல் தரம் வீண். முதல் நாள் தும்மலுக்குக் குளிசை கொடுத்துவிட்டேன், அந்த வகைக் குளிசையைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தினால்தான் தோல் சரியாகக் காட்டும். இரவு பஸ்ஸில் போய் வெறுங்கையோடு திரும்பினோம், அவன் வழியெல்லாம் அழுதான். போகிறவர்கள் எதை எப்போது நிறுத்துவது என்று முதலே கேளுங்கோ, இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தாதேங்கோ. இரண்டாம் தரம் 15 நிமிடத்தில் பூஞ்சணத்துக்கும், படுக்கைத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிக்கும் தடித்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அவன் படுக்கிற அறை யன்னலுக்கு வெளியேதான் மாட்டுக்கு அடுக்கின வைக்கோல். கார்த்திகை மழையில் நனைந்து உள்ளே கறுத்துப் போயிருந்தது. இரண்டு வருடமாக அதற்குப் பக்கத்தில் பிள்ளையைப் படுக்கவைத்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

வைக்கோலைப் பின்வளவில் பரண் கட்டி ஏற்றினோம். தலையணை உறை, பெட்சீற் எல்லாம் கிழமைக்கு ஒரு தரம் சுடுதண்ணீரில் தோய்க்கிறேன். பனி காயும்வரை அவன் அறை யன்னல் திறப்பதில்லை. இந்த மாசியில் ஆகக் குறைந்தது 240. பக்கத்து மாமி கேட்டதும் சருகை எரிக்காமல் வாழைக்கிடங்கில் போடத் தொடங்கிவிட்டார், பின்வளவுக்காரர் இன்னும் எரிக்கிறார், நாளைக்குக் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டிக் கேட்கப் போகிறேன்.