ஐ.என்.எஸ். கடலூரின் பின்தளத்தில்

நான் கடலூர் மாவட்டத்துக்காரன். அதே ஊரின் பெயரைத் தாங்கிய கப்பலில் எனக்குப் பணியிடம் ஒதுக்கப்பட்டது தற்செயல்தான் என்றாலும், விசாகப்பட்டினத் துறைமுகத்தில் முதன்முதலாக அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. உடன் பணியாற்றிய வடமாநிலத்தவர்கள் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம், கெடிலத்தையும் தேவனாம்பட்டினக் கடற்கரையையும் பற்றிச் சலிக்காமல் சொல்லியிருக்கிறேன்.

சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டு 1987-இல் நம் கடற்படையில் சேர்ந்த அந்தக் கப்பலின் வேலை, கடலில் விதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றுவது. கார்வார், காக்கிநாடா, கண்ணனூர், கோழிக்கோடு என அதன் உடன்பிறப்புகளுக்கும் கரையோர ஊர்களின் பெயர்களே. ஏறத்தாழ 60 மீட்டர் நீளம்தான். இரும்பின் காந்தத்தை உணர்ந்தே வெடிக்கும் கண்ணிகள் உண்டென்பதால், அதன் உடல் காந்தத்தன்மை குறைந்த எஃகால் செய்யப்பட்டிருந்தது.

நான் நின்றது பின்தளத்தில். நங்கூரமிட்டு நீருக்குள் மிதக்கவிடப்பட்ட கண்ணிகளை அகற்ற, நீண்ட கம்பிவடத்தைக் கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்வோம். ஓட்டர் என்னும் சாதனம் நீரின் விசையால் வடத்தைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்க, வடத்தில் பொருத்திய வெட்டுக்கருவிகள் கண்ணியின் கயிற்றை அறுக்கும். மேலே மிதந்து வருவதைத் துப்பாக்கியால் சுட்டு அழிக்க வேண்டும். கடலடியில் படுத்திருக்கும் கண்ணிகளுக்கு இந்த வழி பயன்படாது. மின்சாரம் பாயும் வடத்தாலும் ஒலியெழுப்பும் கருவியாலும் பெரிய கப்பலொன்று கடப்பதுபோல் பாவனை காட்டி, அவற்றைத் தாமாகவே வெடிக்கச் செய்ய வேண்டும். அவற்றில் சில, குறிப்பிட்ட எண்ணிக்கையில் கப்பல்களைப் போகவிட்டு அதன் பிறகே வெடிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

எங்கள் வேலையை உழவுக்குத்தான் ஒப்பிடுவேன். ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் இடையில் துளி இடம் விட்டுப்போனாலும் அன்றைய உழைப்பு முழுவதும் வீண், ஏனெனில் பின்னால் வரும் கப்பல் அந்தத் துளி இடத்தில்தான் மாட்டும். நாள் முழுவதும் பயிற்சி செய்துவிட்டுத் துறைமுகம் திரும்பும்போது காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்காது. இருக்கக்கூடாது என்பதே எங்கள் வெற்றி.

முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு மூத்தவர் நிற்கக் கற்றுக்கொடுத்தார். தளத்தில் விறைப்பாக நிற்காமல் முழங்காலைச் சற்றே மடித்து நில் என்றார். கீழே வெடித்தால் தளம் மேல்நோக்கி எகிறும், நேராக நிற்பவனின் கால் எலும்பு நொறுங்கிவிடும். வடம் நீரில் ஓடும்போது எழும் முனகலை அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். கருவி முள் அசைவதற்கு முன்பே, “ஏதோ சிக்கியிருக்கிறது, வேகத்தைக் குறைக்கச் சொல்” என்பார். நானும் அவர் அருகில் நின்று கேட்டுப் பழகினேன். எனக்கு அந்த ஒலி வேறுபாடு பிடிபட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

இந்தத் திறமை எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1917-ஐ நினைவூட்டுவேன். ஜெர்மானியக் கப்பலான வுல்ஃப் கொழும்புக்கு அருகே இரகசியமாகக் கண்ணிகளை இட்டுவிட்டுப் போனது. அந்த பிப்ரவரியில் வொர்செஸ்டர்ஷையர், பெர்சியஸ் ஆகிய இரு கப்பல்கள் அங்கே மூழ்கியபோது, இட்டவர்கள் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருந்தார்கள். கண்ணி இடுவது எளிது, அகற்றுவதுதான் பெரும்பாடு.

கடலூர் 2018 மார்ச்சில் பணியிலிருந்து விடைபெற்றது. சூரியன் மறையும் வேளையில் கொடி இறங்கியபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 2019 ஏப்ரலில் கோழிக்கோடும் விடைபெற்றதும், அந்த வகைக் கப்பல் ஒன்றுகூட நம்மிடம் இல்லாமல் போயிற்று. புதிய கப்பல்களுக்கு 2025-இல் முதற்கட்ட ஒப்புதல் கிடைத்திருக்கிறது என்பது உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் கப்பல் கட்டி முடிவதற்குள், வடத்தின் முனகலைக் கேட்டுப் பழகிய காதுகள் எத்தனை மிஞ்சும்? எங்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுவிட்டோம். புதிதாக வரும் பிள்ளைகளின் முன்னால் எங்களை ஒரு வாரம் உட்கார வைத்தால்கூடப் போதும், தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவோம். என்னை அழைத்தால் மறுநாள் காலை இரயிலிலேயே விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிவிடுவேன்.