மர்மதேசம் மறுபடியும் ஓடுது

ஜூன் 7, 2025, சனி

ஸ்கூல் திறந்து ஒரு வாரம் ஆச்சு, ராத்திரி சாப்பிட்ட பிறகு மகளுக்கு போன் கிடையாதுனு சொல்லியாச்சு, அதுக்கு பதிலா டிவில யூட்யூப் போட்டு மர்மதேசம் விடாது கருப்பு முதல் எபிசோட ஓட விட்டேன். நம்ம ஆளுங்க ஊருக்கெல்லாம் தெரிஞ்ச சீரியல்தான், ஆனா இப்ப பதிமூணு பதினாலு வயசுல இருக்கற பிள்ளைகளுக்கு பேரு கூட தெரியல. மர்மதேசம்ங்கறது ஒரே கதை இல்ல, அது பொதுத் தலைப்பு. அதுக்குள்ள ரகசியம், விடாது கருப்பு, சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும்னு தனித்தனி கதைங்க. கே.பாலச்சந்தரோட மின்பிம்பங்கள் கம்பெனி எடுத்தது, கதை இந்திரா சௌந்தர்ராஜன், ரகசியமும் விடாது கருப்பும் டைரக்‌ஷன் நாகா. தொண்ணூறுகள்ல சன் டிவில வாரத்துக்கு ஒரு நாள் வந்துச்சு. நான் பாத்த தமிழ் சீரியல்லயே இதுக்கு மேல ஒண்ணு இல்லனு இன்னைக்கும் அடிச்சு சொல்லுவேன்.

ராத்திரிக்கு ஒரு எபிசோட், சனி ஞாயிறு மட்டும் ரெண்டு. இதான் ரூல். "அம்மா இன்னும் ஒண்ணே ஒண்ணுமா"னு மக கெஞ்சுனா, நான் டிவிய ஆஃப் பண்ணிட்டேன். ஒரு வாரம் காத்துக்கெடந்தவங்க நாங்க, இவளுக்கு ஒரு நாள் காத்திருக்க முடியாதா என்ன.

ஜூன் 15, ஞாயிறு

தோட்டக்கார மங்கலம்ங்கற ஊர்ல யாரு தப்பு பண்ணாலும் கருப்புசாமி வெள்ளைக் குதிரைல வந்து தண்டிக்கும்னு ஒரு நம்பிக்கை, அதுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொருத்தரா சாவுறாங்க, நிஜமாவே சாமிதானா இல்ல சாமி பேர சொல்லி மனுசன் பண்றானா, இதான் கதை. ஆனா சொன்ன விதம்தான் பெருசு. ராஜேந்திரன்ங்கறவன் சின்னப் பையனா இருந்த காலம் ஒரு பக்கம் ஓடும், அவன் வளந்து பெரியாளான காலம் இன்னொரு பக்கம் ஓடும், ரெண்டையும் மாத்தி மாத்தி காட்டிகிட்டே வருவாங்க, அந்தப் பக்கம் கிடைக்கற ஒரு விஷயம் இந்தப் பக்கம் நாம பாத்த ஒரு காட்சிய அப்படியே திருப்பிப் போட்டுரும். இப்ப வெப் சீரிஸ்ல இப்படி பண்ணா ஆஹா ஓஹோனு எழுதுறாங்க. அப்ப அத பாத்தது எங்க அப்பத்தா மாதிரி பள்ளிக்கூட வாசல மிதிக்காத ஆளுங்க, அவங்களுக்கு எங்கயும் குழம்பல, எனக்கு விளங்காதத எல்லாம் அப்பத்தாதான் விளக்கும்.

இன்னைக்கு ரெண்டு எபிசோட் ஓடுச்சு. படம் பழசு, ராத்திரி காட்சில கருப்பு நிறம் எல்லாம் பொரிபொரியா இருக்கு, சத்தமும் கொஞ்சம் கரகரனு இருக்கு. ஆனா குளம்புச் சத்தம் கேட்டதும் என் மக தலையணைய இழுத்து மடில வச்சுகிட்டா. குதிரைய முழுசா காட்டக் கூட இல்ல. முதல்ல சத்தம், அப்பறம் ஒரு முகம் பயந்து திரும்புறது, அப்பறம் தெருவுல யாரும் இல்ல, அவ்வளவுதான். காசில்லாம எடுத்த சீரியல்னு நெனச்சு பாத்தா அந்த சிக்கனம்தான் இதுக்கு பலம்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா வந்திருக்காங்க. இனிமே மூணு தலமுறை சேந்து பாக்குறோம்.

அம்மா பேச ஆரம்பிச்சா நிக்காது, மதுரை செல்லூர் வாடகை வீட்டு கதை முழுக்க வந்துருச்சு. சன் டிவி 1993 ஏப்ரல் 14 தமிழ் வருசப் பிறப்பு அன்னைக்கு ஆரம்பிச்சுச்சு, ஆனா எங்க தெருவுக்கு கேபிள் வர கொஞ்ச நாள் ஆச்சு. கேபிள்காரர் மொட்டை மாடி கைப்பிடிச் சுவத்துல வயர சுத்தி வேப்ப மரத்து வழியா இழுத்துட்டு வருவாரு, காத்தடிச்சா படம் போயிரும், மரத்துல கெளை ஆடுறத நிறுத்த முடியுமா. எங்க வீட்ல சாலிடேர் டிவி, இழுத்து மூடுற ஷட்டர் கதவு வச்ச மரப்பெட்டிக்குள்ள இருக்கும், பாத்து முடிச்சதும் அப்பா ஷட்டர மூடி பூட்டு போட்டுட்டுதான் படுப்பாரு.

கருப்பு வர்ற அன்னைக்கு பக்கத்து வீட்டு மதினிங்க, எதிர் வீட்டு பெரியம்மா, அவங்க பேரன் பேத்தினு எல்லாரும் எங்க வீட்டு முன்னறைல. கக்கூஸ் கொல்லைப்புறம், முடிஞ்சப்பறம் ஒரு பிள்ளையும் தனியா போகாது, ஒருத்தி போனா நாலு பேரு வாசல்ல காவல் நிக்கணும். அம்மா இத சொல்ல சொல்ல மக "நீங்களுமா அம்மாச்சி பயந்தீங்க"னு கேட்டா. "பயந்தேன்டி, ஆனா மறு வாரமும் பாத்தேன்ல"னு அம்மா சொன்னாங்க.

ஜூலை 2, புதன்

நடுவுல எழுத நேரமே இல்ல, மாசக் கடைசி கணக்கு முடிக்கற வேலை. எபிசோட் மட்டும் நிக்கல.

ஒரு விஷயம் எழுதியே ஆகணும். இதுல சி.டி.ராஜகாந்தம் பாட்டி நடிச்சிருக்காங்க. யாருனு மக கேட்டா, உடனே சபாபதி படத்த தேடி எடுத்து காட்டுனேன், 1941ல வந்தது, காளி என்.ரத்னத்தோட சேந்து நடிச்சு சிரிக்க வச்சவங்க. நாப்பதுகள்ல சினிமாவுல காமெடி பண்ணவங்க தொண்ணூறுகள்ல ஒரு டிவி சீரியல்ல வந்து நின்னு நம்மள கதிகலங்க வைக்கறாங்க, குரல் ஒண்ணு போதும் அவங்களுக்கு, வசனத்த இழுத்து நிறுத்துற இடத்துல நமக்கு மூச்சு நிக்கும். நாடக மேடைல கத்துகிட்ட தொழில், வயசானாலும் அது போகல.

ஜூலை 13, ஞாயிறு

மக கேட்டுகிட்டே இருந்தா, கருப்புனா யாரு யாருனு. சரினு காலைல அழகர்கோவில் போயிட்டு வந்தோம், பதினெட்டாம்படி கருப்பண்ணசாமி. அங்க சிலை இல்ல, பெரிய கதவுதான் சாமி. எப்பவும் சாத்தியே இருக்கும், ஆடித் திருவிழாவுல தான் திறப்பாங்க. கதவு பூரா சந்தனம் அப்பி, மாலை போட்டு, சனம் அதையே பாத்து கும்புட்டுகிட்டு நிக்குது. நேர்த்திக்கடனா குடுத்த அருவாள் ஒவ்வொண்ணும் ஆள் உயரத்துக்கு இருக்கு, மக பக்கத்துல போய் நின்னு உயரம் பாத்தா.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்கு கிளம்புறப்ப அவரோட நகைக் கணக்க இந்தக் கருப்பு முன்னாடி படிச்சு காட்டிட்டுதான் போவாங்க, திரும்பி வந்ததும் மறுபடி கணக்கு ஒப்படைக்கணும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. பெருமாளுக்கே கணக்கு கேக்கற சாமி. இந்தப் பக்கத்துல பங்காளிச் சண்டை, கடன் தகராறு எதுனாலும் "கருப்பு கோயில்ல வந்து சத்தியம் பண்ணுவியா"னு கேட்டா பாதிப் பேரு பின்வாங்கிருவான். போலீஸ் ஸ்டேசனுக்கு பயப்படாதவன் இதுக்கு பயப்படுவான். வயித்தெரிச்சல் தாங்காதவங்க, தப்பு பண்ணவன சாமியே தண்டிக்கட்டும்னு சாமி முன்னாடி காசு வெட்டிப் போடுறதும் உண்டு.

இந்திரா சௌந்தர்ராஜன் மதுரைக்காரரா வாழ்ந்தவரு, அதனாலதான் இந்த பயம் எங்க இருந்து வருதுனு அவருக்கு தெரிஞ்சிருக்கு. பேய்க்கதை எழுதுறவங்க நிறைய பேரு பயத்த மட்டும் எடுத்துக்குவாங்க. இவரு அந்த பயத்துக்குள்ள இருக்கற நியாயத்த எடுத்தாரு. ஏழைக்கு கோர்ட்டும் இல்ல வக்கீலும் இல்ல, அவனுக்கு ஒரு சாமி கேக்கும்னு நம்பிக்கை இருக்கு, அந்த நம்பிக்கைய ஒருத்தன் கையில எடுத்துகிட்டா என்ன ஆகும்? சீரியல் பூரா இந்தக் கேள்விதான். அது பாட்டுக்கு நம்பிக்கைய கேலி பண்ணவும் இல்ல, அறிவியல மட்டம் தட்டவும் இல்ல. மனோதத்துவம் தெரிஞ்ச ரீனானு ஒரு கேரக்டர உள்ள கொண்டு வந்து அவங்க கண்ணு வழியா ஊர பாக்க வச்சாங்க, அதனால நம்புறவனும் பாக்கலாம், நம்பாதவனும் பாக்கலாம்.

ஜூலை 18, வெள்ளி

கரண்ட் கட். எபிசோட் இல்ல. மக நோட்டுல சந்தேகப் பட்டியல் போட்டு வச்சிருக்கா, அம்மாவுக்கு முடிவு தெரியும், வாயத் தெறக்காம உக்காந்திருக்காங்க, அத பாக்கத்தான் எனக்கு ரொம்ப பிடிச்சுது.

ஜூலை 27, ஞாயிறு

இன்னைக்கு பெரிய விவாதம். பெரிய ராஜேந்திரனா நடிச்சவரு சேத்தன். விடுதலை படத்துல வந்த போலீஸ் ஆபீசர்னு சொன்னதும் மக நம்பல. அம்மாவுக்கு அவரு இன்னைக்கும் மெட்டி ஒலி சீரியல்ல வந்த மாணிக்கம்தான், கண்டாலே கோவம் வரும். "சரோஜாவ என்ன பாடு படுத்துனான் பாவி, அவனும் அவங்கம்மாளும்"னு இப்பவும் திட்டுறாங்க. இதே விடாது கருப்புல நடிச்ச தேவதர்ஷினியத்தான் அவரு பின்னாடி கல்யாணம் பண்ணிகிட்டாருனு சொன்னா கொஞ்சம் ஆறுறாங்க.

அம்மா கட்சி மெட்டி ஒலி கட்சி. திருமுருகன் டைரக்‌ஷன், 2002ல இருந்து 2005 வரைக்கும் 811 எபிசோட். அம்மா இல்லாத அஞ்சு பொண்ணுங்கள வளத்து ஒவ்வொண்ணா கட்டிக் குடுக்கற சிதம்பரமா டெல்லி குமார், அவரு துண்டால முகத்த தொடச்சுகிட்டு சம்பந்தி வீட்டு வாசல்ல நிக்கறத பாத்து அழாத தகப்பன் கிடையாது, எங்க அப்பாவும் சேத்திதான். அதுல போஸா நடிச்சவரு பேரே போஸ் வெங்கட் ஆயிருச்சு. நல்ல சீரியல்தான், நான் மறுக்கல. வரதட்சணைய, மாமியார் கொடுமைய அவ்வளவு நெருக்கத்துல வேற எதுவும் காட்டல.

ஆனா நான் சொல்றது வேற. 1999 டிசம்பர்ல ராதிகாவோட சித்தி வந்துச்சு, திங்கள் டு வெள்ளி ஒம்போதரை மணி, நாடே அப்படியே உக்காந்துச்சு. அதுக்கப்பறம் எல்லாமே தினசரி ஆயிருச்சு. தினமும் வரணும்னா தினமும் எடுக்கணும், எடுக்க எடுக்க எழுதணும், ரேட்டிங் நல்லா இருந்தா முடிக்க மாட்டாங்க, ஒரு கல்யாணம் பத்து நாள் நடக்கும், ஒரு பார்வை மூணு பேரு மூஞ்சிக்கு மாறி மாறி போகும். கோலங்கள் 2003ல ஆரம்பிச்சு 2009 வரைக்கும் ஓடுச்சு, 1500 எபிசோடுக்கு மேல, அதோட ஹீரோயின் அபிக்கு கஷ்டம் தீரவே இல்ல, அதுக்குள்ள நான் காலேஜ் முடிச்சு வேலைக்கே போயிட்டேன். வாரத் தொடர்ல அப்படி முடியாது. முடிவு என்னனு தெரிஞ்சு எழுதுன கதை அது, முதல் வாரத்துல போட்ட முடிச்சுக்கு கடைசி வாரத்துல பதில் இருக்கும். நடுவுல கிடைக்கற ஏழு நாளும் நம்ம கையில. தெருக்குழாயடில, ரேஷன் கடை வரிசைல, ஸ்கூல் பெஞ்ச்ல கருப்பு யாருங்கறதுதான் பேச்சு. அந்த ஏழு நாள் பேச்சும் சீரியல்ல ஒரு பங்குதான், அத தினசரித் தொடர் எடுத்துருச்சு.

அம்மா ஒத்துக்கல. "தினம் வேலை முடிச்சு உக்காந்தா தினம் ஒண்ணு வேணும்ல, வாரத்துக்கு ஒருநாள் வந்தா மத்த நாள் நான் யாரு மூஞ்சிய பாக்கறது"னு கேட்டாங்க. அப்பா லாரில வெளியூர் போயிட்டா பல நாள் வர மாட்டாரு. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, நியாயமான கேள்வி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாதிக்கு மேல லீவு நாள்ல ரூல தளத்தி பாத்து முடிச்சாச்சு. முடிவ எழுத மாட்டேன், பாக்காதவங்க இன்னும் இருக்காங்க. மக நோட்டுல போட்ட பட்டியல்ல அந்தப் பேரு இருந்துச்சு, ஆனா ரெண்டாவது பக்கத்துலயே அடிச்சு விட்டிருந்தா. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "முதல் எபிசோட திரும்ப போடுங்கமா, எங்க விட்டேன்னு பாக்கணும்"னா. போட்டேன். பாத்தா அங்கங்க ஜாடை காட்டியிருக்காங்க, நாகா ஒளிச்சு எதுவும் வைக்கல.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சென்னை தொலைக்காட்சி ஆரம்பிச்சு இன்னையோட 50 வருசம், 1975 ஆகஸ்ட் 15. அம்மா ஒளியும் ஒலியும், வயலும் வாழ்வும், செவ்வாய்க்கிழமை நாடகம்னு அடுக்குனாங்க. எனக்கு அதுல பாதிதான் ஞாபகம் இருக்கு, அத அவங்கள எழுதச் சொல்லணும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அடுத்து ரகசியம். விடாது கருப்புக்கு முன்னாடி வந்தது, பொழுது சாஞ்சா யாரும் இருக்கக் கூடாதுங்கற கோயில், அதுக்குள்ள ஒம்போது விஷச் சரக்க சேத்து சித்தர் செஞ்ச நவபாஷாண லிங்கம். பழனில போகர் கதை கேட்டு வளந்தவங்களுக்கு நவபாஷாணம்னாலே காது விரியும். இதுல டாக்டரா வர்ற டெல்லி கணேஷ பாத்ததும் அம்மா "அடப் பாவமே"னு சொன்னாங்க. போன வருசம் நவம்பர் 9 ராத்திரி அவரு போனாரு, மறுநாளே 10ஆம் தேதி மதுரைல இந்திரா சௌந்தர்ராஜனும் போயிட்டாரு. ஒரே சீரியல எழுதுனவரும் நடிச்சவரும் அடுத்தடுத்த நாள். அன்னைக்கு நியூஸ் பாத்துட்டு எனக்கு வேலையே ஓடல.

ரகசியம் விடாது கருப்ப விட மெதுவா போகுது, முதல் ரெண்டு எபிசோட் பொறுமையா பாக்கணும். டெல்லி கணேஷ் இருக்கற காட்சி எதுவும் தொய்யல. மக இப்பவே புது நோட்டு எடுத்துட்டா. இதுக்கு பிறகு சொர்ண ரேகை பாக்கணும்னு இருக்கு, முழுசா நல்ல பிரிண்ட் எங்கயாவது இருந்தா சொல்லுங்க, நான் தேடுன வரைக்கும் சிக்கல.