ஆல்கோவின் தண்ணீரும் எண்ணெயும்

டபிள்யூடிஜி-3ஏ என்ற டீசல் ரயில் லோகோவின் ஜாதகம் அதன் பெயரிலேயே இருக்கிறது. டபிள்யூ அகலப்பாதை, டி டீசல், ஜி கூட்ஸ், 3ஏ என்றால் 3,100 குதிரைத்திறன். உள்ளே ஓடுவது அமெரிக்க நிறுவனமான ஆல்கோ வடிவமைத்த 16 சிலிண்டர் 251 என்ஜின். இதற்கு மூத்தது 2,600 குதிரைத்திறன் டபிள்யூடிஎம்-2. அது 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கியது, 1964 முதல் வாராணசியிலேயே கட்டப்பட்டது. ஆல்கோ 1969-இல் லோகோ கட்டுவதை நிறுத்திவிட்டது. பிறந்த வீடு பூட்டிய பிறகும் புகுந்த வீட்டில் வம்சம் பெருகியது. இலங்கை ரயில்வேயின் எம்8 கூட வாராணசியில் கட்டிய ஆல்கோதான்.

சொந்தக்காரர் இந்திய ரயில்வே என்றாலும் ஒவ்வொரு லோகோவுக்கும் அதைப் பராமரிக்கும் ஒரு ஹோம் ஷெட் உண்டு: பொன்மலை, ஈரோடு, காஜிப்பேட்டை என்று. வண்டி எங்கே படுத்தாலும் கணக்கு அந்த ஷெட் தலையில்தான் எழுதப்படும். அதனால் ஷெட்காரர்களின் கவலை குதிரைத்திறனைப் பற்றியதல்ல. தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை.

இந்த என்ஜினில் பிஸ்டன் ஓடும் குழலான லைனரின் வெளிப்புறத்தைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடுகிறது. கீழே அதைத் தடுத்து நிறுத்துவது ரப்பர் சீலிங் வளையங்கள். சூட்டில் அவை இறுகி வெடித்தால் தண்ணீர் எண்ணெய் இருக்கும் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டால் பிஸ்டனுக்கு மேலேயே தேங்கும். இரண்டாவதுதான் ஆபத்து. தண்ணீர் அமுங்காது. அப்படியே ஸ்டார்ட் செய்யச் சுழற்றினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஆகவே நெடுநேரம் அணைத்துக் கிடந்த லோகோவில் கை வைப்பதற்கு முன் வலப்பக்கம் ஆர்1 முதல் ஆர்8 வரை, இடப்பக்கம் எல்1 முதல் எல்8 வரை எல்லாச் சிலிண்டர்களின் டீகம்ப்ரஷன் பிளக்குகளையும் (துளை மூடிகளை) திறந்து, என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சுற்று போதாது. எந்தத் துளையிலாவது தண்ணீர் சீறினால் அதோடு நிறுத்த வேண்டியதுதான். அரை மணி நேரம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து இதைத் தவிர்ப்பவர்கள் பிறகு பிஸ்டன், லைனர், ஹெட் அடங்கிய பவர் அசெம்பிளியையே மாற்ற வேண்டிவரும்.

மெதுவான கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதை ஆய்வகம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அல்லது அணைத்த கையோடு லியூப் ஆயில் எடுக்க வேண்டும். ஆறவிட்டு எடுத்தால் கசடு அடியில் தங்கிவிடும், சாம்பிள் பொய் சொல்லும். ஒரு துளியைச் சூடான தகட்டில் விட்டால் நல்ல எண்ணெய் பேசாமல் பரவும். தண்ணீர் கலந்தது கடுகு தாளித்தது போல் படபடக்கும். பிறகு எண்ணெயில் என்னென்ன தனிமங்கள் கலந்திருக்கின்றன என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோ சோதனை. செம்பும் ஈயமும் ஏறினால் பேரிங், சிலிக்கான் என்றால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி, இரும்பு லைனர் அல்லது ரிங் தேய்மானம். சோடியமும் போரானும் வந்தால் கூலிங் தண்ணீரில் போட்ட மருந்து எண்ணெயில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு அளவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அந்த லோகோவின் முந்தைய சாம்பிள்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் ஏற்றம் புரியும்.

டீசல் கலப்பது வேறு கதை. டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகினாலோ, ஹை பிரஷர் பைப் கசிந்தாலோ எண்ணெய் நீர்த்துப்போகும். சூடான என்ஜினில், லோடு இல்லாமல் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் அழுத்தம் சரிந்துகொண்டே வரும். சதுர செ.மீ.க்கு 1.3 கிலோவுக்குக் கீழே போனால் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் என்ஜினை அணைத்துவிடும். ஸ்விட்சைக் குறை சொல்லி மாற்றிவிட்டு அனுப்புவது பழைய வியாதி.

தண்ணீர்ப் பக்கம் சுமார் 1,200 லிட்டர். வழியில் குறைந்தால் கிடைத்த குழாயிலிருந்து பிடித்து ஊற்றுவார்கள். ஒருமுறை என்றால் பரவாயில்லை. மருந்தில்லாத உப்புத்தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் லைனர் முழுக்கச் செதில் படிந்து, ரேடியேட்டர் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் ஹாட் என்ஜின் அலாரம் அடிக்கும்.

ஒதுங்கி நிற்கும் லூப் லைனில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்பதும் இதற்கு ஆகாது. நிமிடத்துக்கு 400 சுற்றில் ரிங் சரியாக அமராமல் எண்ணெய் மேலேறி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சேரும். சிக்னல் விழுந்து லோடு ஏற்றியதும் அது சிம்னி வழியாகப் பொறியாகப் பறக்கும். அதே நேரத்தில் வேகப்படியான நாட்சை மடமடவென்று எட்டுக்கு ஏற்றினால், காற்றை அமுக்கித் தரும் டர்போ வேகம் பிடிப்பதற்குள் டீசல் சிலிண்டருக்குள் போய்விடும், கரும்புகைதான் மிச்சம்.

அணைக்கும்போதும் அவசரம் கூடாது. டர்போ பேரிங்குக்கு எண்ணெய் கொடுக்கும் பம்ப் என்ஜினோடு நின்றுவிடும், ரோட்டரோ சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் சில நிமிடம் ஐடிலில் ஆறவிட்டுத்தான் அணைக்க வேண்டும். பிறகு ஒருவர் டர்போ பக்கம் காதை வைத்து, மற்றொருவர் கடிகாரம் பார்த்து, விசில் ஓய்ந்து ரோட்டர் நிற்கும்வரை விநாடி எண்ணுவார்கள். போன ஷெட்யூல் பராமரிப்பில் எண்ணியதைவிட நேரம் சட்டென்று குறைந்திருந்தால் பேரிங் பிடிக்கிறது அல்லது கரி அடைத்திருக்கிறது. டர்போவைக் கழற்ற ஆள் கூப்பிட வேண்டியதுதான்.