கூட்டத்துக்கு நாமும் போகலாம்

தீபாவளிக்கு நம் கோலகங்சார் நகராண்மைக் கழகம் வாழ்த்துப் பதாகை கட்டினால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பண்டிகைக் கடைகளுக்கு இடம், மறுநாள் குப்பை, தோட்ட லயத்து வீடுகள் பக்கம் சாக்கடை, இதெல்லாம் பேசப்படுவது கழகக் கூட்டத்தில். அங்கே நம் ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மலேசியாவின் 1976 ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. கழகமே தீர்மானம் போட்டு மூடினால்தான் வெளியே நிற்க வேண்டும்.

1965-இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். அப்புறம் உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஓட்டுப் போட முடியாத நமக்கு அந்தப் பார்வையாளர் நாற்காலி ரொம்ப முக்கியம்.

சுங்கை சிப்புட் மக்களே, அடுத்த கூட்டத் தேதியை நான் கேட்டுச் சொல்கிறேன். கோலகங்சார் வரை என் காரில் நான்கு பேர் வரலாம்.