புல் மகரந்த அலர்ஜி ஊசி: ஐஜிஇ ஏறுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் மே கடைசியிலிருந்து ஜூலை வரை மூக்கு ஒழுகி, கண் அரித்து அவதிப்படுகிறவர்களுக்கு டாக்டர் தோல் சோதனை செய்தால், திமோத்தி என்ற புல்லுக்குப் பெரும்பாலும் பளிச்சென்று தடிக்கும். சோதனைக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தடிப்பே வராது, போன வேலை வீண். திமோத்தி, கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ் எல்லாம் நெருங்கிய சொந்தம் என்பதால், பெரும்பாலும் ஒன்றுக்குப் போடும் ஊசியே மற்றவற்றுக்கும் போதும். பெர்முடா புல் வேறு கிளை, அதைத் தனியாகப் பார்ப்பார்கள்.

ஊசி மருந்து என்பது அந்த மகரந்தத்தின் சாறுதான், சிறுகச் சிறுகக் கொடுத்து உடலை அதற்குப் பழக்குவதுதான் சிகிச்சை. வெவ்வேறு நிற மூடி போட்ட குப்பிகளில் வரும். பச்சை என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, நீலம் நூற்றில் ஒன்று, மஞ்சள் பத்தில் ஒன்று, சிவப்பு முழுச்செறிவு. பச்சையில் 0.05 மில்லியில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஊசியாக 0.5 மில்லி வரை ஏற்றி, அடுத்த நிறத்தில் மறுபடி 0.05இலிருந்து ஆரம்பிப்பார்கள். மஞ்சளிலும் சிவப்பிலும் படிகள் சின்னதாகும், 0.05க்கு அடுத்து 0.07 என்று. பராமரிப்பு அளவை, அதாவது அதன்பின் மாறாமல் தொடரும் அளவை, எட்ட மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதன்பின் நாலு வாரத்துக்கு ஒன்று. மேல்கையின் பின்பக்கம், தோலுக்குச் சற்றுக் கீழே, சன்னமான ஊசி. வலி ஒன்றும் பெரிதில்லை. போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது, மருந்து ரத்தத்தில் வேகமாகக் கலந்துவிடும்.

ஊசி தொடங்கியதும் உடலில் முதலில் மாறுவது மாஸ்ட் செல். மூக்குச் சவ்விலும் தோலிலும் இருக்கும் இந்தச் செல்களின் மேல் ஐஜிஇ என்ற, அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதம் பொருந்தியிருக்கிறது. மகரந்தப் புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇகளை இணைத்ததும், அரிப்பையும் ஒழுகலையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் கொட்டுகிறது. ஊசி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, ஐஜிஇ கொஞ்சமும் குறையாத நிலையிலும், இந்தச் செல்களும் ரத்தத்திலுள்ள அதே வகை வேலை செய்யும் பேசோஃபில் செல்களும் முன்போல் எளிதில் கிளம்புவதில்லை. அடுத்த சில வாரங்களில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகி ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா என்ற அடக்கும் சைகைப் பொருள்களைச் சுரக்கின்றன. ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13 சுரந்து அலர்ஜியை வளர்க்கும் டிஹெச்2 செல்களின் ஆட்டம் அடங்குகிறது. எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் பி செல்களை, ஐஎல்-10 ஐஜிஜி4 என்ற வேறு வகைப் புரதத்தின் பக்கம் திருப்புகிறது. ஐஜிஜி4 வெறும் வழிப்பறிக்காரன்: மாஸ்ட் செல்லை எட்டுவதற்குள் மகரந்தப் புரதத்தை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அது பத்து மடங்கு, சிலருக்கு நூறு மடங்கு வரை ஏறும்.

இதற்கு நடுவில் ரத்தப் பரிசோதனை எடுத்தால்தான் வம்பு. முதல் சில மாதங்களில் புல்லுக்கான ஐஜிஇ கூடியிருக்கும். "ஊசி போட்டு அலர்ஜி அதிகமாகிவிட்டது" என்று பாதியில் விட்டவர்கள் உண்டு. அந்த ஏற்றம் எதிர்பார்த்ததே. வருடங்கள் போகப்போகத்தான் அது இறங்கும், புல் பூக்கும் பருவத்தில் வழக்கமாக வரும் திடீர் ஏற்றமும் மழுங்கும். அறிகுறி குறைவதும் ஐஜிஇ குறைவதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. மாத்திரை எத்தனை நாள் தேவைப்பட்டது என்று குறித்துவைப்பது அந்த ரிப்போர்ட்டைவிட உபயோகமானது.

ஊசிக்குப் பிறகு முப்பது நிமிடம் கிளினிக்கிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். கடமைக்குச் சொல்வதில்லை. ஆயிரம் ஊசிக்கு ஒன்றிரண்டில் உடல் முழுவதும் எதிர்வினை வரலாம், மோசமானவை பெரும்பாலும் அந்த அரைமணிக்குள் தலைகாட்டும். உள்ளங்கை அரிப்பு, தொண்டை இறுக்கம், அடுத்தடுத்துத் தும்மல், காரணமில்லாத பதற்றம், எதுவானாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். முதல் மருந்து தொடையில் போடும் எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஊசிதான், அலர்ஜி மாத்திரை இல்லை. ஊசி போட்ட இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வீங்கி அரித்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஐஸ் போதும்.

கோளாறு எங்கே வருகிறது என்று பார்த்தால், ஆளும் குப்பியும் மாறிப்போவது ஒன்று. நர்ஸ் மருந்தை இழுக்கும்முன் குப்பியிலுள்ள பெயர், பிறந்த தேதி, மூடி நிறம் மூன்றையும் நீங்களே படித்துப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். புதுக் குப்பி திறக்கும் நாள் இன்னொன்று. பழைய சாறு வீரியம் இழந்திருக்கும், புதியது முழு வேகத்தில் இருக்கும், அதனால் அன்று அளவைக் குறைப்பார்கள். புல் பூக்கும் உச்சத்தில் வெளிக்காற்றிலிருந்தும் சேர்த்து வாங்குகிறோம் என்பதால் அப்போதும் சிலர் குறைப்பதுண்டு. ஆஸ்துமா அடங்காமல் இருக்கும் நாளில் ஊசியே கூடாது. பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ஒரு வகை மருந்து) எடுப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், எபிநெஃப்ரின் அவர்களுக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஊசிக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் ஓட்டம், ஜிம் வேண்டாம். இரண்டு மூன்று முறை வராமல் இருந்துவிட்டால் விட்ட இடத்தில் தொடர முடியாது, சில படிகள் இறங்கித்தான் ஏற வேண்டும். ஊருக்கு ஒன்றரை மாதம் போகிறவர்கள், பராமரிப்பு அளவை எட்டிய பின் டிக்கெட் போடுவது நல்லது.

இந்த ஊசி முறையை 1911இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் தொடங்கி வைத்த லெனார்ட் நூன், மகரந்தத்தில் விஷம் இருக்கிறது, ஊசி போட்டால் மாற்றுவிஷம் உருவாகும் என்று நினைத்தார். கணக்கு தப்பு, விடை சரி. அவர் எடுத்ததும் திமோத்தி புல்லைத்தான்.

எத்தனை வருடம்? குறைந்தது மூன்று. 2017இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், புல் மகரந்தத்துக்கு ஊசியோ நாக்கடி மாத்திரையோ இரண்டு வருடம் எடுத்து நிறுத்தியவர்களுக்கு, அடுத்த வருடம் மருந்தே இல்லாத குழுவைவிடக் குறிப்பிடும்படி எந்த நன்மையும் மிஞ்சவில்லை. மருந்து போய்க்கொண்டிருந்தபோது நன்றாகவே இருந்தார்கள். மூன்று வருடம் முடித்து நிறுத்தினால் ஐஜிஜி4 அளவு சரிந்துவிடும். ஆனாலும் மகரந்தத்தை மடக்கும் திறன் பல வருடம் நிற்கிறது. அலர்ஜி திரும்ப வந்தால், பச்சைக் குப்பியிலிருந்து மறுபடி தொடங்கலாம்.