ரத்தம் மிகுந்தவரின் பக்கவாதம்: குடியாத்தத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

6 மே 2024, திங்கள்

நேற்று விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்த அண்ணனுக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. 108 ஆம்புலன்ஸில் வேலூருக்கு அழைத்துச் சென்றோம். அங்கே முதலில் கேட்ட கேள்வி, எப்போது கை விழுந்தது என்பதன்று. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதே. இரவு பத்து மணிக்குத் தறிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வந்து படுத்தார் என்று அண்ணி சொன்னார். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உறக்கத்தில் வந்த வாதத்துக்கு அந்தக் கணக்கு விழித்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, படுத்த நேரத்திலிருந்தே தொடங்குகிறது. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் இடப்பக்கப் பாதிப்பு ஏற்கெனவே படிந்துவிட்டிருந்ததால் ஊசி வேண்டாமென்று முடிவுசெய்து, ஆஸ்பிரின் தொடங்கினார்கள்.

9 மே 2024, வியாழன்

ஐம்பத்தேழு வயதுக்காரருக்கு வாதம் வந்தால் எல்லோரும் தேடும் காரணங்கள் ஒன்றும் பொருந்தவில்லை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் சற்றே கூடுதல், அவ்வளவுதான். கழுத்து நாளங்கள் சுத்தமாக இருக்கின்றன, இதயத்தின் எக்கோவும் சரியாக இருக்கிறது. பீடியை விட்டே பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று காலை வார்டுக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர் சாதாரண ரத்த எண்ணிக்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஹீமோகுளோபின் 19.4 கிராம், ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் பங்காகிய ஹீமடோகிரிட் 58 விழுக்காடு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். பழைய ரிப்போர்ட் ஏதேனும் உண்டா என்று கேட்டார்.

வீட்டு பீரோவில் ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இலவச முகாமில் எடுத்தது. அதிலும் ஹீமோகுளோபின் 18.6. எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி அச்சாகியிருக்கிறது. அதை அண்ணனிடம் கொடுத்தவர், “உங்களுக்கு நல்ல ரத்தம் ஐயா” என்று வாழ்த்தி அனுப்பினாராம். அண்ணி அதை இன்றும் பெருமையாகத்தான் சொன்னார். நம் ஊரில் ரத்தம் குறைந்தவர்களைப் பற்றித்தான் பேச்செல்லாம். பள்ளிக்கூடத்தில் நான் பணியாற்றிய காலம் முழுவதும் இரும்புச்சத்து மாத்திரை விநியோகித்திருக்கிறேன். ரத்தம் மிகுவதும் ஒரு நோய் என்று எவரும் எச்சரித்து நான் கேட்டதில்லை.

14 மே 2024, செவ்வாய்

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில் இருக்க, நாங்கள் வேலூர் வார்டில் இருந்தோம். அண்ணனின் பேச்சு தெளிந்து வருகிறது.

மருத்துவர் கேட்ட கேள்விகளைப் பதிந்து வைக்கிறேன், ஏனெனில் அவற்றில் ஒன்றையும் நாங்கள் வாதத்தோடு சேர்த்து எண்ணியதே இல்லை. குளித்து முடித்தவுடன் உடம்பெல்லாம் அரிக்கிறதா? ஆம், ஒன்றிரண்டு ஆண்டுகளாகவே. போர்த் தண்ணீரின் உப்பு என்று முடிவுகட்டி, அண்ணி சோப்பை மாற்றிக்கொண்டே இருந்தார். கால் விரல்கள் சிவந்து எரிகின்றனவா? ஆம். சிறிது சாப்பிட்டாலே இடப்பக்க வயிறு நிறைந்துவிடுகிறதா? அதுவும் உண்டு, மண்ணீரல் வீங்கியிருப்பதாக ஸ்கேன் காட்டிற்று. முகச் சிவப்பை உறவினர் எல்லோரும் வெயில் என்றும் செழிப்பு என்றும் சொன்னார்கள்.

நோய்க்குப் பாலிசித்தீமியா வீரா என்று பெயர். எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரு மூல அணுவில் ஜாக்2 என்னும் மரபணு பிறழ்ந்துவிட, உடல் கேட்காமலேயே சிவப்பணுக்களும், பலருக்கு வெள்ளணுக்களும் தட்டணுக்களும்கூட, பெருகிக்கொண்டே போகின்றன. இந்நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் காணப்படும் இப்பிறழ்வு 2005-ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. புகைப்பதாலும் நுரையீரல் நோயாலும் சிவப்பணுக்கள் உயர்வதுண்டு. அப்படிப்பட்டவர்களிடம், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் குறைவதில்லை. அண்ணனுக்கு அது மிகக் குறைந்திருக்கிறது. ஜாக்2 பரிசோதனையும் அனுப்பப்பட்டிருக்கிறது.

29 மே 2024, புதன்

ஜாக்2 உறுதியாகிவிட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகத்தில் ரத்தநோய்ப் பிரிவில் காட்டினோம். அக்னி நட்சத்திரம் நேற்றோடு முடிந்தும் வெயில் தணியவில்லை.

மருத்துவம் என்னவென்று கேட்டபோது, ரத்தத்தை எடுத்துவிடுவது என்றார்கள். அண்ணி திகைத்துப் போனார். “வாதம் வந்து படுத்த மனுஷன் உடம்பிலிருந்து ரத்தத்தை எடுப்பதா, டாக்டர்?” என்று அவர் கேட்டதற்கு, எடுக்காமல் விட்டால்தான் அடுத்த வாதம் வரும் என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். ஹீமடோகிரிட் உயர உயர ரத்தத்தின் பிசுபிசுப்பு ஒரே சீராக ஏறுவதில்லை. ஓர் அளவுக்குப் பிறகு செங்குத்தாக ஏறுகிறது. இதை எங்களுக்குப் புரியவைத்தவர் அண்ணன்தான். பாவுக்குப் போடும் கஞ்சி ஒரு பதம்வரை தண்ணீராக ஓடும், அதற்குமேல் ஒரு பிடி மாவு விழுந்தாலும் இறுகிவிடும் என்று குழறலோடு சொன்னார். பிசுபிசுப்பு மட்டுமே காரணமன்று. தூண்டப்பட்ட வெள்ளணுக்களும் தட்டணுக்களும் நாளத்தின் உட்சுவரோடு ஒட்டி உறைவதும் உண்டென்று மருத்துவர் சேர்த்துக்கொண்டார்.

ஹீமடோகிரிட்டுக்கு இலக்கு 45 விழுக்காட்டுக்குக் கீழே. 2013-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில் 365 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 45-க்குக் கீழேயும் மற்றவர்களை 45 முதல் 50 வரையிலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் பிரிவில் 182 பேரில் 5 பேருக்கும், இரண்டாவதில் 183 பேரில் 18 பேருக்கும் ரத்த உறைவோ இதய, நாள நோய்களால் மரணமோ நேர்ந்தது. ஐந்து விழுக்காடு அங்கே இங்கே இருந்தால் என்ன என்று இனி எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

12 ஜூன் 2024, புதன்

எடுத்த ரத்தத்தைத் தானமாக வேறொருவருக்குக் கொடுக்கலாமே என்று பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டுவிட்டார்கள். அது எவருக்கும் ஏற்றப்படுவதில்லை. மற்றப் பாதிப்பேர் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் கொண்டுவருகிறார்கள். ஒருவர் இரும்புச்சத்து டானிக் பாட்டிலே வாங்கிவந்தார். அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவருக்கு வருத்தம்தான். மீண்டும் மீண்டும் ரத்தம் எடுப்பதால் இரும்பு குறையும், அந்தக் குறைவே சிவப்பணு உற்பத்திக்குக் கடிவாளமிடுகிறது. முருங்கைக்கீரையைச் சாப்பாட்டில் சேர்ப்பதற்குத் தடையில்லை. மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரையும் டானிக்கும் மட்டும் கூடாது.

3 ஜூலை 2024, புதன்

ராணிப்பேட்டையில் காத்திருந்தபோது பக்கத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு தாய், எட்டு வயது மகனோடு. ஆம்பூர்ப் பெண்மணி ஒருவர் உருதுவில் பேசி எங்களுக்குச் சொன்னார். பையனுக்கு அரிவாள் அணு நோய். ஐந்து வயதிலேயே வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அவனுக்கு ரத்தம் குறைவு, என் அண்ணனுக்கு மிகுதி, இருவருக்கும் வந்தது ஒரே வாதம். வளைந்து விறைக்கும் சிவப்பணுக்கள் மூளையின் பெரிய நாளங்களைக் காலப்போக்கில் குறுக்கிவிடுகின்றன. தலையின் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கும் டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டத்தின் வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் அந்தக் குழந்தைக்கு ஆபத்து அதிகம். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் முதல் வாதத்தைப் பத்தில் ஒன்பது பங்கு தடுக்கலாம் என்று 1998-இலேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. வலியற்ற அந்தச் சோதனை வாதம் வருமுன் இந்தப் பையனுக்குச் செய்யப்படவில்லை. நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் இந்நோய் இருப்பது 1952 முதலே தெரிந்த செய்தி.

ரத்த அணுக்களின் பெருக்கத்தை அடக்க அண்ணனுக்குத் தொடங்கிய ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையே அவனுக்கும் எழுதப்பட்டிருந்தது. இருவருடைய சீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து அண்ணி வியந்தார்.

21 ஜூலை 2024, ஞாயிறு

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவமாகிப் பத்து நாள் ஆகிறது. குழந்தை பெற்றவளுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்று அவளுடைய பாட்டி காவல் இருக்கிறார். நான் போய்ச் சண்டையிடாமல் எடுத்துச் சொல்லிவிட்டு வந்தேன். பேறுகாலத்தில் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும். உடலில் நீரும் வற்றினால், மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் சிரைகளில் அடைப்பு உண்டாகலாம். நம் நாட்டில் இளம் பெண்களுக்கு வரும் வாதத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் திருஷ்டி கழித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிரை அடைத்ததால் மூளையில் கசிவு ஏற்பட்டிருந்தாலும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுக்கிறார்கள் என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும். அடைப்பு நீங்காமல் கசிவுக்குக் காரணமான அழுத்தம் தணியாது என்பதே அதன் நியாயம். பாட்டி முழுவதும் ஒப்பவில்லை. சீரகத் தண்ணீர் மட்டும் கேட்கும்போதெல்லாம் கொடுக்கச் சம்மதித்தார்.

4 செப்டம்பர் 2024, புதன்

ஹீமடோகிரிட் 44.1. தட்டணுக்கள் நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டன. குளித்தபின் அரிப்பு குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. அறுபது வயதைக் கடந்தவர்களும் ஏற்கெனவே ஒருமுறை உறைவு கண்டவர்களும் அதிக ஆபத்துப் பிரிவினர் என்பதால், ஆஸ்பிரினும் ஹைட்ராக்ஸியூரியாவும் தொடர வேண்டும். வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிக் குறைகின்றனவா என்று அடிக்கடி எண்ணிப் பார்ப்பார்கள்.

தனக்கும் இது வருமா என்று அண்ணன் மகன் இன்று நேரடியாகக் கேட்டான். பெரும்பாலும் இப்பிறழ்வு வாழ்நாளின் நடுவே ஓர் அணுவில் நேர்வது, தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதன்று, ஆகவே ஜாக்2 பரிசோதனை தேவையில்லை. வழக்கமான ரத்த எண்ணிக்கை பார்த்தால் போதும் என்றார் மருத்துவர். போகும் வழியிலேயே பார்த்துவிட்டான்: ஹீமோகுளோபின் 14.8. ஆண்களுக்கு 16.5-ஐத் தாண்டினால்தான் இந்நோயைப் பற்றி எண்ண வேண்டும் என்று நான் விளக்கியபிறகும், 15-கூட இல்லையே என்று அண்ணி கவலைப்பட்டார்.