ஆழங்களிலிருந்து: கப்பதோக்கியாவின் நிலத்தடிக் கோயில்களுக்கு ஒரு திருப்பயணம்

துருக்கியின் நடுப்பகுதியிலுள்ள கப்பதோக்கியாவுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம் எதை எடுத்தாலும் ‘நிலவில் இறங்கியதுபோல் இருக்கும்’ என்று ஒரு வரி வந்துவிடும். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். சாம்பல் நிறமும் வெளிர் மஞ்சளுமாக மொட்டை மேட்டுநிலம், கூம்பு கூம்பாகப் பாறைகள், அவற்றில் கதவில்லாத வாசல்கள், ஆளில்லாத வீடுகள். இவற்றுக்குக் கீழே அடுக்கடுக்காக ஓர் ஊர். ஆனால் காற்றும் மழையும் இல்லாத நிலவில் இப்படி ஒரு கூம்புகூட எழும்பாது. எர்ஜியெஸ், ஹசன் முதலிய எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகி மென்பாறையானது. மழையும் ஓடையும் அதை அரித்துக்கொண்டு போயின. தலையில் கெட்டிப்பாறைத் தொப்பி இருந்த இடம் மட்டும் தூணாக நின்றது. புதிதாக வெட்டும்போது உளிக்கு இளகும் இந்தப் பாறை, காற்றுப் பட்டபின் மேலே இறுகிக்கொள்ளும். கோயில், மடம், தொழுவம், ஊர் எல்லாவற்றையும் இங்கே கட்டாமல் குடைந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்தக் கல்தான்.

விவிலியம் படிக்கிறவர்களுக்கு ஊர்ப்பெயர் புதிதல்ல. பெந்தகோஸ்து நாளில் தங்கள் சொந்த மொழியில் நற்செய்தி கேட்டவர்களில் கப்பதோக்கியரும் உண்டு (திருத்தூதர் பணிகள் 2:9). பேதுருவின் முதல் திருமுகமும் தொடக்க வரியிலேயே இந்த நாட்டைச் சொல்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்துதான் செசரியா ஆயர் புனித பசிலியாரும், அவர் தம்பி நிசா கிரகோரியாரும், நண்பர் நாசியான்சு கிரகோரியாரும் வந்தார்கள். அந்தச் செசரியாதான் இன்றைய கெய்சேரி. தூய ஆவியாரும் கடவுளே என்று மூவரும் வாதாடினார்கள். 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் நம்பிக்கை அறிக்கையில் தூய ஆவியாரை ‘உயிர் அளிப்பவர்’ என்று சொன்னதற்குப் பின்னால் இவர்கள் உழைப்பு இருக்கிறது. ஞாயிறுதோறும் நாம் சொல்லும் அந்த வரியை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். நிலத்துக்கடியில் அது வேறு மாதிரிக் கேட்கும்.

பயணத்துக்கு மூன்று நாள் வேண்டும். இஸ்தான்புல்லிலிருந்து கெய்சேரிக்கோ நெவ்ஷெஹிருக்கோ விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தங்குவதற்குக் கோரெமே வசதி. நெவ்ஷெஹிர் விமான நிலையம் அங்கிருந்து சுமார் 40 கி.மீ., கெய்சேரி அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜனவரியில் பனி விழும். பசிலியார் திருநாள் ஜனவரி 2 என்பதற்காக அப்போது போகிறவர்கள் பிடிமானமுள்ள காலணியோடு போகவேண்டும், பாறைப் படியில் உறைந்த பனி கண்ணுக்கே தெரியாது.

முதல் நாள் கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகம். ஊரிலிருந்து ஒன்றரை கி.மீ., நடந்தே போகலாம். விடியலில் வெப்பக்காற்று பலூன் பார்த்த கூட்டம் காலை உணவு முடித்து வருவதற்குள், கதவு திறக்கும்போதே நுழைந்துவிடுங்கள். உள்ளே போனதும் நேராக ‘கரான்லிக் கிலிசே’, அதாவது இருட்டுக் கோயில். இதற்குத் தனிச் சீட்டு. அந்தக் காசுக்கு யோசித்துத் திரும்பிவிடுகிறவர்கள் பாதிப் பயணத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். சின்ன ஜன்னல் ஒன்றின் வழியாக மட்டுமே வெளிச்சம் வருவதால் சுவரோவியங்களின் நிறம் மங்காமல் நின்றது. குவிமாடத்தில் அனைத்தையும் ஆளும் ஆண்டவர், சுவர்களில் பிறப்பு, இராவுணவு, யூதாசின் முத்தம், சிலுவை. உள்ளே போனவுடன் ஒன்றும் தெரியாது. கண் பழக ஒரு நிமிடம் ஆகும். பலர் அந்த ஒரு நிமிடம் நிற்காமல் வெளியேறிவிடுகிறார்கள். கோயில்களுக்குள் படம் எடுக்கக் கூடாது. காவலர் கண்டிப்பாகச் சொல்லுவார்.

புனித பார்பரா கோயிலில் பாறைமேல் நேராகச் செங்காவியால் தீட்டிய சிலுவைகளும் கோலங்களும் இருக்கும். பாம்புக் கோயிலில் புனித ஜார்ஜும் தியோதோரும் நாகத்தைக் கொல்கிறார்கள், கான்ஸ்டன்டைனும் எலேனாவும் சிலுவையைத் தாங்கி நிற்கிறார்கள். பல ஓவியங்களில் கண்ணை மட்டும் சுரண்டியிருப்பார்கள்; குழந்தைகள் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும். அருகே பாறையிலேயே வெட்டிய நீள மேசையும் இருக்கையும் கொண்ட உணவறை உண்டு. துறவிகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட இடம். வெளியேறும்போது அவசரத்தில் தவறவிடுவது தொகாலி கோயில். வளாகக் கதவுக்கு வெளியே, சாலையில் சற்றுக் கீழே இருக்கிறது, அதே சீட்டு போதும். இங்குள்ளவற்றில் பெரியது இதுதான். 10-ஆம் நூற்றாண்டின் அடர்நீலப் பின்னணியில் கிறிஸ்துவின் வாழ்வோடு பசிலியாரின் வாழ்க்கைக் காட்சிகளும் உண்டு.

இரண்டாம் நாள்தான் நிலத்துக்குள் இறங்கும் நாள். நெவ்ஷெஹிரிலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் கைமாக்லி நிலத்தடி ஊர், இன்னும் 10 கி.மீ. போனால் டெரின்குயு நிலத்தடி ஊர். இரண்டும் 1985 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. கைமாக்லியில் நான்கு அடுக்கு திறந்திருக்கிறது. ஆழம் குறைவு, ஆனால் வழிகள் தாழ்ந்தும் ஒடுங்கியும் இருக்கும். டெரின்குயு மிக ஆழம், படிகள் அதிகம். கைமாக்லி முதுகை வாங்கும், டெரின்குயு முழங்காலை வாங்கும். உங்களுக்கு எது பலவீனமோ அதைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டும் முடியும் என்றால் காலையில் முதல் ஆளாக டெரின்குயு, திரும்பும் வழியில் கைமாக்லி. பேருந்துக் கூட்டம் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் வரும்.

உள்ளே கோடையிலும் குளிர்காலத்திலும் 13 முதல் 15 டிகிரிதான். இறங்கும்போது குளிரும், ஏறும்போது வியர்க்கும். முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர் ஒன்று போதும். புடவை வேண்டாம், செங்குத்துப் படியில் குனிந்து இறங்கும்போது கொசுவம் காலடியில் மாட்டும். சுடிதாரோ பேண்ட்டோ சரி. முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டுங்கள், இல்லையென்றால் தாழ்ந்த கூரையில் உரசி ஆளைப் பின்னால் இழுக்கும். மின்விளக்கு உண்டு, ஆனாலும் கைவிளக்கு ஆளுக்கொன்று இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. கழிப்பறை மேலே மட்டும்தான். மெழுகுவர்த்தி ஏற்றும் ஆசை எல்லாருக்கும் வரும். அனுமதியில்லை, புகையும் கரியும் சுவரைக் கெடுக்கும்.

கீழே போகச் சிவப்பு அம்புக்குறி, மேலே வர நீலம். குறியில்லாத கிளைவழியில் நுழையாதீர்கள். டெரின்குயுவின் சுரங்கப்படியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகமுடியும். எதிரே குழு ஏறி வந்தால் யாராவது ஒதுங்கும் அறை வரும்வரை பின்னோக்கி நடக்கவேண்டும். தவறு பெரும்பாலும் நடப்பது இங்கேதான்: நடுவழியில் நெரிசல் நிற்கும், வரிசை நடுவில் மாட்டியவருக்கு மூச்சு முட்டுவதுபோல் ஆகும், முன்னும் போகமுடியாது பின்னும் போகமுடியாது. அதனால் அடைத்த இடம் ஒத்துக்கொள்ளாதவரை வரிசையின் கடைசியில் வைத்து, அவருக்குப் பின்னால் திடமான ஒருவரை மட்டும் நிறுத்துங்கள். இறங்கும்முன் வழிகாட்டியைக் கீழே அனுப்பி எதிர்க்குழு வருகிறதா என்று குரல் கொடுக்கச் சொன்னால் பாதித் தொல்லை தீரும்.

முதல் அடுக்கில் தொழுவம். விலங்குகளை ஆழத்துக்கு ஓட்டமுடியாது என்பதோடு, நாற்றமும் வெப்பமும் மேலேயே போய்விடவேண்டும். பிறகு சமையலறை, தானியக்குழி, திராட்சை மிதிக்கும் தொட்டி. வழியில் ஓரிடத்தில் நின்று உருள்கல்லைப் பாருங்கள். ஆட்டுக்கல்லை நிமிர்த்தி வைத்ததுபோல் வட்டமான கல். ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், அரை மீட்டர் வரை கனம், எடை 200 முதல் 500 கிலோ. பக்கத்துக் குழிவில் ஒளிந்திருக்கும். ஆபத்தென்றால் உள்ளிருப்பவர்கள் உருட்டி வழியை அடைப்பார்கள். வெளியிலிருந்து பிடிக்க விளிம்பே கிடையாது. நடுவில் ஒரு துளை. வெளியே யார் என்று பார்க்கவும் ஈட்டி நீட்டவும் அது உதவியிருக்கும் என்கிறார்கள். கல்லுக்குப் பின்னே சுவரில் கை வைத்தால் உளிக்கோடுகள் சரிந்து சரிந்து ஓடுவது விரலுக்குத் தெரியும். ஆளுயரத்தில் சின்ன மாடங்கள். நம் வீட்டு விளக்கு மாடம் போலவே. ஆளிவிதை எண்ணெய் ஊற்றி எரித்தார்கள். விளக்கேற்றும் நேரத்து மாலைப் பாட்டு ஒன்றை, இயற்றியவர் யாரென்று சொல்லமுடியாது, முன்னோர் வழி வந்தது என்று பசிலியார் தூய ஆவியாரைப் பற்றிய நூலில் எழுதினார். கீழைத்திருச்சபைகளில் அது இன்றும் மாலைச் செபத்தில் உண்டு. இந்த மாடங்களின்முன் நின்றால் அந்தப் பாட்டு எவ்வளவு அவசியமான காரியத்துக்கு எழுந்தது என்று புரியும்.

டெரின்குயுவின் காற்றுக்கூண்டு சுமார் 55 மீட்டர் ஆழம். கிணறும் அதுவே. சில கிணறுகளை மேலே வாய் திறக்காமல் கீழ்அடுக்குகளுக்கு மட்டும் விட்டிருக்கிறார்கள், மேலிருந்து பகைவர் நஞ்சு கலக்காமலிருக்க. கூண்டின் ஓரம் நின்றால் முகத்தில் காற்று மெல்லப் படும். தமிழில் ஆவி என்றால் மூச்சும்தான். நம்பிக்கை அறிக்கையை இங்கே நின்று மெதுவாகச் சொல்லுங்கள்.

கோயில் கீழ்அடுக்கில் இருக்கிறது. சிலுவை வடிவம், ஓவியம் எதுவும் இல்லை, வெறும் பாறை. மேலே கோரெமேயின் நீலத்தையும் பொன்னையும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். இங்கே படிக்க 130-ஆம் திருப்பாடல். ‘ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்’ என்ற பழைய மொழிபெயர்ப்பே இந்த இடத்துக்குப் பொருந்தும்; புதியதில் அது ‘ஆழ்ந்த துயரம்’ ஆகிவிட்டது, ஆழம் போய்விட்டது. சத்தமாகப் பாடாதீர்கள், அடுத்த குழு படியில் காத்திருக்கும். மூன்று நிமிடம் போதும். இது அருங்காட்சியகம் என்பதால் திருப்பலி வைக்க விரும்பும் குழுக்கள் அரசிடம் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். வழிகாட்டியிடம் அன்று காலையில் கேட்டால் நடக்காது. கைமாக்லியில் கோயில் இரண்டாம் அடுக்கிலேயே இருக்கிறது, இரண்டு பலிபீட மாடங்களோடு. வயதானவர்களை அங்கே உட்காரவைத்து நிதானமாகச் செபிக்கலாம்.

வழிகாட்டிகள் சொல்லும் இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் நிறுத்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, ரோமருக்குப் பயந்த முதல் கிறிஸ்தவர்கள் தோண்டியது என்பது. குடைவு அதற்கும் பழையதாக இருக்கலாம். இவ்வளவு பெரிதானது பெரும்பாலும் அரபுப் படையெடுப்புகளின் பைசாந்திய காலத்தில். இரண்டு, பழைய கிரேக்க எழுத்தாளர் செனபோன் இந்த ஊரைப் பற்றி எழுதினார் என்பது. அவர் சொன்ன நிலத்தடி வீடுகள் ஆர்மீனியப் பக்கத்துக் கிராமங்கள். இருபதாயிரம் பேர் தங்கினார்கள் என்பதும் மதிப்பீடுதான், யாரும் தலை எண்ணவில்லை. ஆனால் ஒன்று உறுதி. 1909-இல் ஆர்மீனியர்களைக் கொன்ற அடானா படுகொலைச் செய்தி வந்தபோது கப்பதோக்கியாவின் ஆக்சோ ஊர் மக்களில் பலர் சில இரவுகள் தரைமேல் படுக்கத் துணியவில்லை என்று மொழியியலாளர் டாக்கின்ஸ் பதிந்திருக்கிறார். நாம் பழங்கதையாகக் கேட்கும் சுரங்கம் அவர்களுக்குப் பக்கத்து அறையாக இருந்திருக்கிறது.

1923-இல் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தோடு கப்பதோக்கியாவின் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் ஊரைவிட்டே போனார்கள். டெரின்குயுவில் நிலத்தடி வாசலிலிருந்து கொஞ்சம் நடந்தால் 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் தரைமேல் கட்டிய கோயில் நிற்கிறது. அதையும் பார்த்துவிட்டு, வாசலில் உள்ளூர்ப் பெண்கள் விற்கும் பூசணி விதை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.

மூன்றாம் நாள் தென்மேற்கே குசெல்யுர்ட். நாசியான்சு கிரகோரியாரின் பெயரால் இருந்த பழைய கோயில் இன்று தொழுகை நடக்கும் மசூதி. தொழுகை நேரம் தவிர்த்துப் போகலாம்; காலணியைக் கழற்றி, பெண்கள் தலையை மூடி உள்ளே போகவேண்டும். அவருடைய அருளிக்கங்களை, அதாவது உடல் எச்சங்களைத் தேடி இங்கே வருகிறவர்கள் உண்டு. ஊரைவிட்டுப் போனவர்கள் அவற்றைத் தங்களோடு எடுத்துப்போய்விட்டார்கள். அவை இப்போது கிரேக்க நாட்டில், கவாலா நகரத்துக்குப் பக்கத்தில், அவர்கள் புதிதாகக் குடியேறிய நியா கர்வாலியில் இருக்கின்றன. தொட்டு வணங்கவேண்டும் என்றால் அங்கேதான் போகவேண்டும்.